ஒரே படிகத்தில் இரண்டு காலம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சள் மோனசைட், நிறமற்ற சிர்க்கான் எனத் தனித்தனியே தெரியும். அடர்த்தி 2.65 மட்டுமே உள்ள குவார்ட்ஸை அலை எளிதில் இழுத்துப் போய்விடுகிறது, 4.6ஐத் தாண்டும் சிர்க்கான் கரையிலேயே தங்குகிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட்டைக் கண்ட பிறகே இந்தக் கரை உலகின் கண்ணில் பட்டது.

இவற்றுள் பெரும் புதிர் சிர்க்கான்தான். நான்கு பட்டைத் தூண், இரு முனையிலும் கூம்பு. அலை உருட்டியதில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். அறுத்து மெருகிட்டு எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், மரத்தின் ஆண்டு வளையம்போல வளர்ச்சிப் பட்டைகள் ஒளிரும். சிலவற்றில் அந்தப் பட்டைகள் நடுவில் சட்டென்று அறுபட்டு, வெளியே வேறொரு உறை தொடங்கும்.

விடை, இந்த மணலுக்குத் தாய்ப்பாறையான நாகர்கோவில் பகுதிச் சார்னோகைட் பாறையில் இருக்கிறது. யுரேனியம் ஈயமாகச் சிதையும் கணக்குப்படி, அங்குள்ள சிர்க்கான்களின் கரு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுப் பழமையானது. உறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. கோண்ட்வானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது ஆழத்தில் மீண்டும் சூடேறிய பாறையில், பழைய படிகத்தின் மேலேயே புதியது வளர்ந்தது.