பகுதி ஒன்றில் எதை எழுதுவது?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரம். லுஹர் தொழுகை முடித்து மதரஸாவின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். பேகம்பூரைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு வெளியூர்க் கல்லூரியின் விண்ணப்பப் படிவம். பி.காம். படிப்புக்கு எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டு ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

“ஹஜ்ரத், பகுதி ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். தமிழா, அரபியா என்று கேட்கிறார்கள். பிள்ளை சின்ன வயதிலிருந்தே உங்கள் மதரஸாவில் ஓதியவள். அரபி எடுத்தால் மார்க் அள்ளிவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எதை எழுதட்டும்?”

நான் வாய் திறக்குமுன் மகள் மெதுவாகச் சொன்னாள்: “எதை எடுத்தாலும் அந்த மார்க் கிளாஸில் சேராதாம் அத்தா. பாஸ் பண்ணினால் போதுமாம்.”

தந்தை சொன்னதிலும் உண்மை உண்டு. மகள் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆயினும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு சற்றே கனத்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்னர் இதே இடத்தை நானும் நிரப்பியிருக்கிறேன். என்ன எழுதினேன், அதனால் எதை இழந்தேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்குமுன், இந்தப் ‘பகுதிகள்’ என்பவை யாவை என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்வது நலம்.

ஐந்து பகுதிகள்

நம் தமிழகத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்திருக்கிறது. பகுதி 1 தமிழ் அல்லது மாணவர் விரும்பும் வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். இவ்விரண்டும் பொதுவாக முதல் 4 பருவங்களில் வரும். பகுதி 3 தான் மாணவர் சேர்ந்த படிப்புக்குரிய முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பகுதி 4-இல் சுற்றுச்சூழல் கல்வி, நன்னெறிக் கல்வி, திறன் வளர்க்கும் தாள்கள், பிற துறையிலிருந்து தேர்ந்தெடுக்கும் விருப்பப்பாடம் ஆகியவை அடங்கும். பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற வகுப்புக்கு வெளியேயான பணி.

வணிகவியல் படிப்பவரானாலும் வேதியியல் படிப்பவரானாலும், பகுதி 3 நீங்கலாக மற்றவை பெரும்பாலும் எல்லோர்க்கும் பொது. ஆகவே அவற்றைப் பொதுத்தாள்கள் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் பகுதி 3-இன் மதிப்பெண்ணை வைத்துத்தான். நம் பிள்ளைகள் பொதுத்தாள்களை ஏளனமாக எண்ணுவதற்கு இதுவே காரணம்.

அரபி எடுப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டையொட்டித் தமிழகப் பல்கலைக்கழகங்களில் விருப்ப அடிப்படையிலான மதிப்பளவு முறை பரவியபோது ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழியைப் பகுதி 1-ஆக எடுப்பவர் பகுதி 4-இல் ‘சிறப்புத் தமிழ்’ பயில வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காதவர் ‘அடிப்படைத் தமிழ்’ பயில வேண்டும். தமிழைப் பகுதி 1-ஆக எடுத்தவருக்கு அவ்விடத்தில் பிற துறையின் விருப்பப்பாடம் கிடைக்கும். ஆக, எந்த வழியில் சென்றாலும் தமிழைச் சிறிதளவேனும் தொட்டுத்தான் பட்டம் பெற முடியும்.

நான் இழந்தது

நான் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் இப்படியோர் ஏற்பாடு எனக்கு வாய்க்கவில்லை. வரலாறு எடுத்தேன். பகுதி ஒன்றில் அரபி எழுதினேன். மார்க்க அறிவு பெருக வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தால் அல்ல. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மதிப்பெண்ணுக்காக! மக்தபில் ஓதிய பழக்கம் இருந்தது. அதிகம் உழைக்காமலே நல்ல மதிப்பெண் வாங்கினேன். பக்கத்து அறையில் தமிழ் வகுப்பு நடக்கும்போது நான் மரத்தடியில் இருந்தேன்.

பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், வேடசந்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மீலாது விழா. பேச்சாளர்களில் நானும் ஒருவன். எனக்கு முன்னர்ப் பேசிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெற்றியில் திருநீறு துலங்க, உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலிருந்து அடுத்தடுத்துப் பாடல்களைச் சொல்லி விளக்கினார். மழை காணாத அரபு மண்ணை வருணிக்க வந்த புலவர், மேகம் திரண்டு மழை பொழிந்து ஆறு பெருகி வயல் செழிக்கும் தமிழ்நாட்டுக் காட்சியாகவே அதனைத் தீட்டியிருக்கும் அழகை எடுத்துக் காட்டினார். பின்பு என் பக்கம் திரும்பி, “நம் ஆலிம் அவர்கள் இதனை இன்னும் நன்றாக விளக்குவார்கள்” என்று பணிவோடு சொல்லி அமர்ந்தார்.

என்னால் ஒரு பாடலைக்கூட விளக்க முடியவில்லை. படித்திருந்தால் அல்லவா விளக்குவதற்கு? ஏதோ பொதுவாகப் பேசி முடித்தேன். அவர் என்னைக் குறைத்துப் பேசவில்லை. கூட்டத்தில் எவருமே கவனிக்கவில்லை. எனக்கு மட்டுமே தெரிந்த அந்த வெட்கம் இன்றளவும் ஆறவில்லை.

“எங்கே ஐயா கற்றீர்கள்?” என்று விழா முடிந்தபின் கேட்டேன். “கல்லூரியில் பகுதி ஒன்று தமிழில் பாடமாக இருந்தது தம்பி. அன்று பிடித்துக்கொண்டது” என்றார். ஆம்! தேவாரம், திருவாசகம், பிரபந்தம், தேம்பாவணி ஆகியவற்றோடு சீறாப்புராணத்தையும் அடுத்தடுத்துப் படிக்க வைப்பது அந்தப் பொதுத்தாளேயாகும். சின்னாளபட்டி நெசவாளியின் மகன் உமறுப்புலவரைப் படிக்கிறான். பேகம்பூர்ப் பிள்ளை மாணிக்கவாசகரைப் படிக்கிறது. ஒருவர் நெஞ்சை மற்றவர் அறிந்துகொள்ள இதனினும் எளிய வழி வேறு ஏது? சீறாப்புராணத்தின் 5,000-க்கு மேற்பட்ட பாடல்களையும் முப்பது வயதுக்குமேல் உரையின் துணையோடு தட்டுத்தடுமாறிப் படித்தேன். பதினெட்டு வயதில் ஓர் ஆசிரியரின் வாயிலாகக் கேட்டிருந்தால் அது வேறு சுவையாக இருந்திருக்கும்.

அரபியை எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கருதிவிட வேண்டாம். திருச்சி ஜமால் முகமது கல்லூரி போன்ற நிறுவனங்கள் அம்மொழியைப் போற்றி வளர்த்து வருகின்றன. அரபி இலக்கியம் கற்க வேண்டும் என்ற வேட்கையோடு எடுப்பவர் தாராளமாக எடுக்கட்டும். மதிப்பெண் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர் அரபியையும் கற்பதில்லை, தமிழையும் கற்பதில்லை. நானே அதற்குச் சான்று.

கிணறு உப்பானது எப்போது?

அடுத்து, சுற்றுச்சூழல் தாள். ‘மரம் வளர்ப்போம், குப்பை போடாதே என்பதைப் படிக்க ஒரு பரீட்சையா?’ என்று இளைஞர்கள் கேலி பேசுகிறார்கள். இத்தாள் எப்படி வந்தது என்பதை அவர்கள் அறியார். எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. ஆண்டுகள் பல கடந்தும் அது முழுமையாக நடைமுறைக்கு வராததால் 2003-இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்தியது. அதன்பேரில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலை மாணவர்க்கும் பொதுவான 50 மணிநேரப் பாடத்திட்டத்தை வகுத்தது. அதன் எட்டாவது அலகு களப்பணி. மாசுபட்ட ஓர் உள்ளூர் இடத்தை நேரில் சென்று பார்த்து எழுத வேண்டும் என்பதும் அதில் உண்டு.

திண்டுக்கல் பிள்ளைக்கு அப்படியோர் இடத்தைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்தக் களப்பணிக்காகத் தன் பாட்டியின் ஊருக்குச் சென்றாள். தோல் பதனிடும் ஆலைகளுக்கு அண்மையிலுள்ள ஊர் அது. கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் குடிநீரை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவளுடைய தந்தை இருபது ஆண்டுகளாகத் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர். “அத்தா, நம்ம பாட்டி வீட்டுக் கிணறு எப்போது உப்பானது?” என்று அவள் கேட்டாளாம். அவர் என்னிடம் வந்து, “பிள்ளை கேட்டதற்குப் பதில் தெரியவில்லை ஹஜ்ரத்” என்றார்.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருவதையும், அதனை ஊறவைத்துக் கழுவும் நீரில் அந்த உப்பெல்லாம் கரைந்து வெளியேறுவதையும், சுத்திகரிக்காமல் விட்டால் அது நிலத்தடி நீரைச் சேர்வதையும் அவள் பாடத்தின் துணையால் விளங்கிக்கொண்டாள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் படித்தாள். மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. அதில் நம் மாவட்டமும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

தோல் தொழில் நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதனை நடத்தியவர்களும் நம்மவர், உழைத்தவர்களும் நம்மவர், உப்பு நீரைக் குடித்தவர்களிலும் நம்மவர் உண்டு. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று அமைதியாகச் சிந்திக்கத் தெரிந்த தலைமுறை நமக்குத் தேவை. பேரேடு எழுதக் கற்ற பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கற்பித்தது வணிகவியல் தாளன்று. ‘பாஸ் பண்ணினால் போதும்’ என்று ஒதுக்கிய தாள்.

நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி

பொதுக்கல்வி என்பதை வெறும் தாளாகக் கருதாமல் வாழ்க்கையாகவே நடத்திக் காட்டிய இடம் நம் அருகிலேயே இருக்கிறது. மதுரைச் சாலையில் சின்னாளபட்டிக்கு அண்மையில் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் நிறுவியது காந்திகிராமம். அங்கு 1956-இல் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. எந்தத் துறை மாணவரானாலும் காந்தியடிகளின் சிந்தனையைப் பயில்வதும், கிராமத்தில் தங்கி மக்களோடு பழகிக் கற்பதும் அங்கே படிப்பின் அங்கமாக வைக்கப்பட்டன.

நாடு விடுதலை பெற்றதும் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949-இல் அளித்த அறிக்கையில், மாணவர்கள் ஒரே துறைக்குள் முடங்கிப்போவதைத் தவிர்க்கப் பொதுக்கல்வியைக் காலந்தாழ்த்தாது புகுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன் அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர். அதன்பின் பொதுக்கல்வித் திட்டத்தை முனைந்து நடத்திய பல்கலைக்கழகங்களுள் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஒன்று.

மதரஸா கல்விக்கும் இது புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் பெயரால் வழங்கலான பாடத்திட்டத்தில் தர்க்கமும் கணிதமும் வானியலும் இடம்பெற்றிருந்தன. மருத்துவத்தையும் கணக்கையும் சமுதாயத்தின் மீதான கடமைகளாகவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எண்ணினார்கள். எல்லோரும் சட்டம் படிக்கவே முண்டியடித்து, மருத்துவத்தைக் கைவிட்டதைக் கண்டு வருந்தினார்கள். இன்று நாம் எதற்கு முண்டியடிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள்

1. பகுதி ஒன்றின் மொழியை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று கேளுங்கள்.

2. பொதுத்தாளில் ஒன்று நிலுவையில் நின்றாலும் பட்டம் கைக்கு வராது. முதன்மைப் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியும், பகுதி 4-இல் ஒரு சிறு தாள் தேறாததால் கிடைத்த வேலையில் சேர முடியாமல் தவித்த இளைஞரை நான் அறிவேன்.

3. பிற துறை விருப்பப்பாடத்தை ‘எது எளிது’ என்று தேடாமல், ‘எது நமக்குத் தெரியாது’ என்று தேடச் சொல்லுங்கள். கணினி படிப்பவர் வரலாறு படிக்கட்டும். வரலாறு படிப்பவர் கணக்கியல் அறியட்டும்.

4. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சிகளைத் தவற விடாதீர்கள். அவை வேலைக்கு உதவும். ஆனால் அவற்றைக் காரணம் காட்டி மொழித்தாளைப் புறக்கணிக்க இடம் தராதீர்கள்.

படிவத்தோடு வந்த அன்பரிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. அவ்வளவு நேரமும் இல்லை. மீலாது விழாவில் நான் பட்ட வெட்கத்தை மட்டும் சொன்னேன். பிறகு மகளைப் பார்த்து, “உனக்கு எதம்மா பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“தமிழ்தான் ஹஜ்ரத். அரபி ஓதுவதை விட மாட்டேன். மாலையில் இங்கேயே வந்து படிக்கிறேன்” என்றாள்.

தந்தை சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்பு சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார். “நீயே எழுது” என்றார்.

அவள் எழுதினாள். அந்தப் பிள்ளையின் கல்வியில் வல்ல நாயன் பரக்கத் செய்வானாக!