ஒரு கார்டு, அறுபத்து மூன்று முகங்கள்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் என்றால் விமான நிலையம், அதைவிட்டால் ஃபேக்டரி. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டில் ஏ.எம்.டி.யும் வந்தது. சிப்பைப் பொதிந்து சோதித்து அனுப்புகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்தச் சிப்புகளுக்குள் என்ன நடக்கிறது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இந்த இரண்டு நிறுவனங்களும் தங்கள் ப்ராசசர்களுக்குள் வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கிளவுட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வாடகைக் கணினி. ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் இதற்கென்றே வசதிகளைச் சேர்த்ததும், ப்ராசசரைப் பங்கிடுவது எளிதானது. இடித்தது நெட்வொர்க்தான்.

ஆயர் ஈத்தாம் பக்கத்து ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் வரும் கடிதங்களையெல்லாம் ஒரே காவலாளி வாங்கி, பெயர் பார்த்து, மாடியேறி வீடு வீடாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹைப்பர்வைசர் அப்படித்தான் இருந்தது. நெட்வொர்க்கில் பாக்கெட் என்ற தரவுத் துண்டு வந்தால் பிரித்துப் பார்க்கும், உரிய மெய்நிகர் கணினியின் மெமரிக்குப் படியெடுக்கும், பிறகு அதைத் தட்டி எழுப்பும்.

கணக்குப் போட்டால் தலை சுற்றும். விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள கம்பியில் ஆகச் சிறிய பாக்கெட்டுகள் விநாடிக்கு சுமார் 1 கோடியே 48 லட்சம் வரலாம். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு அது சுமார் 200 துடிப்பு. மெய்நிகர் கணினியிலிருந்து ஹைப்பர்வைசருக்கு ஒருமுறை போய்த் திரும்பவே ஆயிரம் துடிப்புக்குமேல் போய்விடும்.

2007இல் வந்த எஸ்.ஆர்-ஐ.ஓ.வி. என்ற தரநிலை, நெட்வொர்க் கார்டையே பல முகம் காட்டச் சொன்னது. மேலாண்மைக்கு ஒரு முதன்மை முகம், வாடகைக்காரர்களுக்குச் சின்னச் சின்ன மெய்நிகர் முகங்கள். இன்டெலின் 82599 என்ற சிப்பில், லினக்ஸில் ஒரு போர்ட்டுக்கு 63 வரை திறக்கலாம். நாயன்மார் எண்ணிக்கையோடு ஒத்துப்போவது தற்செயல்தான்! ஒவ்வொரு முகத்துக்கும் தனி முகவரி, தனி வரிசை. பாக்கெட்டைப் பிரிக்கும் வேலையைக் கார்டே செய்து, வாடகைக்காரரின் மெமரியில் நேரே எழுதிவிடும்.

நேரே எழுதுவதில் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன் மெமரி பூஜ்யத்தில் தொடங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கும். அது சொன்ன இடத்தில் கார்டு அப்படியே எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரின் தரவு பாழாகும். அதனால் கார்டுக்கும் மெமரிக்கும் நடுவே ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற சுற்று இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன ஏற்பாடு இதுதான். கார்டு கேட்கும் முகவரியை உண்மையான முகவரியாக மாற்றும். எல்லை மீறினால் மறுக்கும். இன்டெல் தன்னுடையதை வி.டி-டி என்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் இந்தச் சுற்றுதான். இது இல்லாமல் கார்டை அந்நியரிடம் கொடுப்பது பைத்தியக்காரத்தனம்.

ஹைப்பர்வைசருக்கு வேலை போய்விடவில்லை. எந்த முகம் யாருக்கு, எவ்வளவு வேகம், எந்த முகவரியில் பேசலாம் என்பதெல்லாம் இன்னும் அதன் கையில்தான். பாக்கெட் போகும் பாதையிலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் ஒன்று இழந்தோம். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு நகர்த்துவது கிளவுட்காரர்களின் அன்றாட வேலை. கார்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கணினியை எப்படி நகர்த்துவது? மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி 2012 பதிப்பில் இரட்டைப் பாதை வைத்தது. நகர்த்தும்போது வேகப்பாதையைக் கழற்றிவிட்டுப் பழைய மென்பொருள் பாதையில் சமாளிக்கும். புது இடம் போனதும் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. கிளவுட் விதிகள் நீளமானவை: யார் யாருடன் பேசலாம், எந்த முகவரியை எதுவாக மாற்றுவது என்று அடுக்கிக்கொண்டே போகும். சாதாரணக் கார்டுக்கு அந்த அளவு புத்தி கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2015 முதல் தன் கிளவுடான அஷூரின் சர்வர்களில் எஃப்.பி.ஜி.ஏ. சிப்புகளைச் சேர்த்தது. தயாரித்துச் சந்தைக்கு விட்ட பிறகும் உள் சுற்றை மாற்றி எழுதக்கூடிய சிப் அது. ஓர் உரையாடலின் முதல் பாக்கெட்டை மட்டும் மென்பொருள் பார்த்து, விதிகளை அலசி முடிவெடுக்கும். முடிவைச் சிப்பிடம் எழுதிவைத்துவிடும். அடுத்து வரும் பாக்கெட்டுகளை யாரையும் கேட்காமல் சிப்பே அனுப்பிவிடும். விதி மாறினாலும் கார்டைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

அந்தச் சிப்புகளைச் செய்த ஆல்டெரா நிறுவனம் 1990களிலிருந்தே பினாங்கில் வடிவமைப்பு மையம் வைத்திருந்தது. 2015இல் இன்டெல் அதை விலைக்கு வாங்கியது.

அமேசான் இன்னும் ஒரு படி மேலே போய், 2017இல் அறிவித்த நைட்ரோ ஏற்பாட்டில் நெட்வொர்க், வட்டு வேலைகளைத் தனிக் கார்டுகளுக்குத் தள்ளி, ஹைப்பர்வைசரை மெல்லிய தாளாக்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் அதன் கிளவுட் வட்டாரம் திறந்தது. அங்கே ஒரு லினக்ஸ் கணினியை வாடகைக்கு எடுத்துச் சாதனப் பட்டியலைக் கேளுங்கள். எலாஸ்டிக் நெட்வொர்க் அடாப்டர் என்று ஒரு வரி வரும். அதுதான் உங்களுக்கு ஒதுக்கிய முகம்.