விடுமுறைப் பயணமும் மழைக் கணக்கும்: மாவனல்லை உணர்த்தும் பாடம்

பண்டிகைகளும் பாடசாலை விடுமுறையும் நெருங்கும்போது, வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் புறப்படுவது நமது மக்களின் வழக்கமாகிவிட்டது. எங்கே தங்குவது, எவற்றைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும் என்பன பல நாட்கள் பேசி முடிவு செய்யப்படுகின்றன. ஆனால், செல்லவிருக்கும் இடத்தில் அந்த மாதத்தில் மழை எவ்வாறு இருக்கும் என்ற கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. அயன மண்டலத் தீவொன்றில் விடுமுறையைத் திட்டமிடுவோர் முதன்முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும். மாவனல்லையும் அதன் சுற்றுப்புறங்களும் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றன.

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் வீதியில், கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குவதற்கு முன்பாக, மகா ஓயாவின் கரையில் அமைந்துள்ள நகரம் மாவனல்லை. 1830களில் ஆங்கிலேயர் அமைத்த வளைவுப் பாலம் இந்நகரின் அடையாளமாகும். ஹலால் உணவும் தொழுகை வசதியும் எளிதாகக் கிடைப்பதால், முஸ்லிம் குடும்பங்கள் தங்கிச் செல்ல உகந்த ஊர் இது. 1975இல் தொடங்கப்பட்ட பின்னவல யானைகள் சரணாலயம் அண்மையில் உள்ளது. விரித்து வைத்த நூலைப் போலத் தோன்றும் பத்தலேகல குன்றும், அரநாயக்கவின் அசுப்பினி எல்ல நீர்வீழ்ச்சியும் மலையேறுவோரையும் இயற்கையை நேசிப்போரையும் ஈர்க்கின்றன.

வரலாற்றில் நாட்டமுடையோருக்கு உத்துவன்கந்தை மலை இருக்கிறது. செல்வந்தரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் எனக் கதைகளில் போற்றப்படும் சரதியல் மறைந்து வாழ்ந்த மலை இது. அவனது நெருங்கிய தோழன் மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் திகதி இவர்களைப் பிடிக்கச் சென்ற வேளையில் உயிரிழந்த கான்ஸ்டபிள் சபானும் முஸ்லிமே. மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். இலங்கைப் பொலிஸார் ஆண்டுதோறும் அத்தினத்தை நினைவு தினமாக அனுஷ்டித்து வருகின்றனர். சரதியலும் மரிக்காரும் அதே ஆண்டு மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

இவ்வளவு சிறப்புகள் கொண்ட பிரதேசத்துக்கு எப்போது செல்வது? இதற்கு விடை காண, இந்நாட்டின் மழையின் போக்கை அறிவது அவசியம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. அக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அச்சரிவுகளிலேயே அமைந்துள்ளன. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையோடு வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்கிறது. ஆகவே சப்ரகமுவவில் ஒப்பீட்டளவில் மழை குறைந்த காலம் ஜனவரியும் பெப்ரவரியுமே ஆகும்.

இக்கணக்கைப் புறக்கணிப்பதன் விளைவு நனைந்த உடையோடு முடிந்துவிடுவதில்லை. 2016 மே 17ஆம் திகதி, தொடர் மழையினால் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய பகுதியின் தோட்டக் குடியிருப்பொன்றிலும் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில், கொழும்பு - கண்டி வீதியோரத்தில் இருந்த கடையின் மீது பாறையும் மண்ணும் சரிந்து உயிர்கள் பலியாயின. பயணிகள் தேநீருக்காக வாகனத்தை நிறுத்தும் வீதி அது. அம்மாத இறுதியில் தாக்கிய தித்வா சூறாவளி மலைநாடு முழுவதையும் உலுக்கியது.

இனி நமது பண்டிகைகளை இம்மழைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தைப்பொங்கல் ஜனவரி நடுப்பகுதியில் வருவதால் சப்ரகமுவப் பயணத்துக்கு ஏற்றது. சித்திரைப் புத்தாண்டில் காலை வேளையில் சுற்றிப் பார்த்துவிட்டு, பிற்பகலுக்குள் தங்குமிடம் திரும்புவது நல்லது. தீபாவளியோ ஆண்டின் அபாயகரமான மழைக்காலத்தில் வருகிறது.

முஸ்லிம்களின் பெருநாட்கள் பிறைக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்கின்றன. எனவே பெருநாள் விடுமுறைக்கு இன்ன பருவம் என்று நிலையாக எதுவும் இல்லை. 2016இல் நோன்புப் பெருநாள் ஜூலை மாதத்தில், தென்மேல் பருவப்பெயர்ச்சியின் நடுவே வந்தது. 2026இல் அது மார்ச் மாதத்திலும், 2030 அளவில் பெப்ரவரி தொடக்கத்திலும் அமைகிறது. முஸ்லிம் பாடசாலைகளின் ரமழான் விடுமுறையும் அதனோடு சேர்ந்தே நகர்வதால், நோன்புப் பெருநாளுக்குப் பின் பயணம் செல்வோருக்கு இவ்வாண்டுகள் வாய்ப்பானவை. மாறாக, 2026 முதல் 2028 வரை ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வருகிறது. அரநாயக்க அனர்த்தம் நிகழ்ந்ததும் மே மாதத்திலேயே என்பதை மறந்துவிடலாகாது.

மழைக்காலம் என்பதற்காக விடுமுறையைக் கைவிட வேண்டியதில்லை. மேற்குச் சரிவுகளில் தென்மேல் மழை பொழியும் மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா முதலிய கிழக்குக் கரையோரங்கள் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கையும், ஜனவரி, பெப்ரவரி மாதங்களுக்குச் சப்ரகமுவவையும் தெரிவு செய்வது அறிவுடைமையாகும்.

நமது முன்னோர் இதனை அறிந்தே இருந்தனர். தமிழர் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் நிறைவடைகிறது. தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கும் வேளையில் அக்காலம் முடிவுக்கு வருவது கவனிக்கத்தக்கது. 1344இல் இம்மலையைத் தரிசிக்க விரும்பிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவுக்குத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கு ஒன்றைக் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று வந்த யோகிகள் நால்வரையும், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பி வைத்தார். வழியறிந்தோரின் துணையும் போதிய முன்னேற்பாடும் பயணத்துக்கு இன்றியமையாதவை என்பதை அன்றைய மன்னர் உணர்ந்திருந்தார்.

இன்று அந்த வழிகாட்டிகளின் இடத்தில் அறிவியல் நிறுவனங்கள் உள்ளன. மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்போடு இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ சரிவான இடங்களை விட்டு உடனே அகல வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது கலங்கி ஓடும் ஊற்றுகள் ஆகியவை மலை சரிவதற்கு முன் தென்படக்கூடிய அறிகுறிகள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும், மேலே மலையில் பெய்த மழை மகா ஓயாவின் நீர்மட்டத்தைச் சடுதியாக உயர்த்திவிடும் என்பதால், பிள்ளைகளை ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் இறக்குவதற்கு முன் ஊரவரிடம் கேட்டறிய வேண்டும். தங்குமிடம் செங்குத்தான மண் வெட்டின் அடியில் அமைந்துள்ளதா என்பதையும், முற்பணம் செலுத்துவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

இங்கு மற்றொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். மழை வந்தால் பயணி திரும்பிச் சென்றுவிடலாம். மலையடிவாரக் கிராமத்தவருக்கும், சொந்தக் காணியின்றி லயன் அறைகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கும் அந்த வசதி இல்லை. விருந்தினருக்காகக் கட்டப்படும் விடுதிகள், சரிவுகளை வெட்டி நீரோட்டத்தை மறித்து எழுமானால், அதன் விலையைச் செலுத்துபவர் கீழே வாழ்பவரே. ஆதலால் பாதுகாப்பான இடத்தில் அமைந்த, உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் தங்குமிடங்களை நாடுவதும், பயணச் செலவின் ஒரு பகுதியேனும் மாவனல்லைக் கடைகளிலும் சந்தையிலும் சேர்வதற்கு வழி செய்வதும் பயணிகளின் கடமையாகும். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் தோட்டங்களைச் சென்றடைவதை உறுதி செய்வதும், அபாய வலயத்தில் உள்ளோருக்குக் காணியும் வீடும் வழங்குவதும் அரசின் பொறுப்பாகும். ஓரிரு நாட்கள் தங்க வரும் விருந்தினருக்கு நாம் தேடும் பாதுகாப்பு, ஆண்டு முழுவதும் அம்மலையில் வாழ்வோருக்கும் கிடைக்க வேண்டும்.