குப்புறக் கிடத்தும் பயிற்சி

குப்புறக் கிடத்தும் பயிற்சி என்பது, தானாகப் புரளவோ தவழவோ தொடங்காத கைக்குழந்தையை, அது விழித்திருக்கும் வேளையில், பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில், வயிறு கீழே படும்படி சிறிது நேரம் கிடத்தி வைப்பதாகும். ஆங்கிலத்தில் இது 'டம்மி டைம்' எனப்படுகிறது. கழுத்து, தோள், முதுகு, கை ஆகியவற்றின் தசைகள் வலுப்பெறவும், குழந்தை பின்னாளில் புரளவும் தவழவும் ஆயத்தமாகவும் இது உதவுகிறது. இது குழந்தையைத் தூங்க வைக்கும் முறை அன்று. தூங்கும் குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையிலேயே கிடத்த வேண்டும் என்பது மருத்துவ உலகின் உறுதியான பரிந்துரை ஆகும்.

உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, இன்னும் இடம்பெயரத் தொடங்காத, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விழித்திருக்கும்போது நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடங்கள் குப்புறக் கிடக்க வேண்டும். இந்த நேரத்தை நாள் முழுவதும் பகிர்ந்து அமைத்துக்கொள்ளலாம்.

சொல் வழக்கு

வயிறு கீழே படக் கிடத்தலைத் தமிழில் குப்புறக் கிடத்தல், கவிழ்ந்து கிடத்தல் என்பர். குழந்தை தானாகவே மல்லாந்த நிலையிலிருந்து கவிழ்வதைக் 'குப்புற விழுதல்' என்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கு. இலங்கைத் தமிழரிடையே 'உடம்பு பிரட்டுதல்' என்ற சொல் வழங்குகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் பேசப்படும் கிருட்டிணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குப்புற என்பதற்குத் தெலுங்கு பேசுவோர் 'போர்லா' என்றும் கன்னடம் பேசுவோர் 'போரலு' என்றும் கூறுவர்.

உடலியல் அடிப்படை

கருப்பையின் குறுகிய இடத்தில் வளர்வதால், பிறந்த குழந்தையின் கைகால்கள் மடங்கிய நிலையிலேயே இருக்கும். உடலை மடக்கும் தசைகளின் இறுக்கம் மிகுந்தும், உடலை நிமிர்த்தும் தசைகள் வலுக்குறைந்தும் காணப்படும். தலையின் நீளம் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆகும். மெல்லிய கழுத்து இந்தத் தலையைத் தாங்கப் பழக வேண்டும்.

மல்லாந்து கிடக்கும்போது தலையின் எடையைத் தரை தாங்கிக்கொள்கிறது. குப்புறக் கிடக்கும்போது, எதிரே உள்ளதைப் பார்க்கக் குழந்தை தன் தலையைப் புவியீர்ப்புக்கு எதிராக உயர்த்தியாக வேண்டும். இம்முயற்சியில் முதலில் பிடரித் தசைகளும், பின்னர் தோள் மற்றும் மேல் முதுகுத் தசைகளும், அதன் பின்னர் இடுப்புத் தசைகளும் பங்கேற்கின்றன. உடல் இயக்கக் கட்டுப்பாடு தலையில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செல்லும் இயல்பான ஒழுங்கும் இதுவே. முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும் குழந்தை, ஒரு பொம்மையை எட்டும்பொழுது எடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றப் பழகுகிறது. புரளுதல், தவழ்தல் ஆகிய இரண்டிற்கும் இந்த எடை மாற்றமே அடிப்படை.

பிறந்த குழந்தையின் மண்டை ஓட்டு எலும்புகள் மென்மையானவை. நீண்ட நேரம் ஒரே பக்கம் அழுந்தினால் தலையின் பின்புறம் தட்டையாகக்கூடும். குப்புறக் கிடக்கும் நேரத்தில் பின்தலை அழுத்தத்திலிருந்து விடுபடுகிறது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளில் குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்கும் வழக்கம் பரவியது. மல்லாந்து தூங்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சுத்திணறும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். ஆனால் குப்புறத் தூங்கும் குழந்தைகளிடையே, தொட்டில் மரணம் எனப்படும் திடீர்ச் சிசு மரணம் கூடுதலாக நிகழ்வதை ஆய்வுகள் காட்டின. 1987 ஆம் ஆண்டு நெதர்லாந்திலும், 1991 ஆம் ஆண்டு பிரித்தானியாவிலும் இவ்வழக்கத்திற்கு எதிரான பரப்புரைகள் தொடங்கின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992 ஆம் ஆண்டு தன் பரிந்துரையை மாற்றியது. 1994 ஆம் ஆண்டு, மல்லாந்து தூங்க வைப்பதை வலியுறுத்தும் நாடளாவிய இயக்கம் அங்கு தொடங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டு 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1.2 ஆக இருந்த தொட்டில் மரண வீதம், 2001 ஆம் ஆண்டு ஏறத்தாழ 0.56 ஆகக் குறைந்தது.

இம்மாற்றத்திற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. இரவும் பகலும் மல்லாந்தே கிடந்த குழந்தைகளிடம் பின்தலை தட்டையாதல் கூடுதலாகக் காணப்பட்டது. அவர்கள் புரளத் தொடங்குவதும் சற்றுத் தாமதமானது. எனவே தூக்கத்தில் மல்லாந்த நிலை, விழிப்பில் குப்புறக் கிடத்தல் என்ற இரட்டைப் பரிந்துரை உருவானது. முந்தைய வழக்கத்தில் தூக்கத்தின்போது தானாகவே கிடைத்த பயிற்சியை, விழித்திருக்கும் நேரத்தில் தனியாக அளிக்க வேண்டிய தேவை இவ்வாறே ஏற்பட்டது.

தமிழர் வழக்கில்

தமிழில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. இவற்றுள் இரண்டாவதான செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்திற்கு உரியது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடும் குழந்தையின் தோற்றமே செங்கீரை ஆகும். குப்புறக் கிடந்து வலுப்பெற்ற குழந்தை தவழ்வதற்குச் சற்று முன்னர் அடையும் நிலையை இது ஒத்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் கிடைக்கும் பழைய நூலாகும். பெரியாழ்வாரின் திருமொழியில் இதற்கும் முந்திய செங்கீரைப் பாடல்கள் உள்ளன.

வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டும் மரபு முறையிலும் இப்பயிற்சியின் கூறு உண்டு. பாட்டியோ குளிப்பாட்டுவதில் பழகிய மூதாட்டியோ தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தம் கால்களின் மேல் முதலில் மல்லாத்தியும் பின்னர் குப்புறவும் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீர் ஊற்றுவர். குப்புறக் கிடக்கும் அச்சில நிமிடங்களில் குழந்தை தலையைத் தூக்க முயல்கிறது. அதே வேளையில், குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் ஊதுதல், எண்ணெய் விடுதல், தொண்டையில் விரலிட்டுச் சளி எடுத்தல் ஆகியவை தீங்கானவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தூளி அல்லது ஏணையில் கிடக்கும் குழந்தையின் உடல் துணியின் வளைவில் குழிந்து கிடக்கும். கையூன்றி எழும்ப உறுதியான தளம் அங்கு இல்லை. ஆகவே தூளியில் கழியும் நேரம் இப்பயிற்சிக்கு ஈடாகாது.

செய்யும் முறை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதுமே, நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு இப்பயிற்சியைத் தொடங்கலாம். தொடக்கத்தில் ஒருமுறைக்கு 3 முதல் 5 நிமிடங்கள் வரை, நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதுமானது. ஒரு நிமிடத்திலேயே குழந்தை சோர்ந்தால் அத்துடன் நிறுத்தி, பின்னர் மீண்டும் முயலலாம். 2022 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகப் பரிந்துரையின்படி, ஏழாவது வார அளவில் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடங்களாக இது உயர வேண்டும்.

* மார்பின் மேல்: தாயோ தந்தையோ சாய்ந்து படுத்து, குழந்தையைத் தம் மார்பின் மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம். முகத்தைப் பார்க்கக் குழந்தை தலையைத் தூக்கும். முதல் வாரங்களுக்கு இது எளிய முறை.
* மடியில்: மடியின் குறுக்கே குப்புறக் கிடத்தி, முதுகை மெல்லத் தடவலாம்.
* தரையில்: உறுதியான, சமமான தரையில் பாய் அல்லது சமுக்காளம் விரித்துக் கிடத்தலாம். பெரியவரும் எதிரே படுத்து, குழந்தையின் கண்மட்டத்திற்கு முகத்தைக் கொண்டுவந்து பேசலாம், கிலுகிலுப்பையை ஆட்டலாம்.
* துணிச் சுருள்: தலை தூக்கச் சிரமப்படும் குழந்தையின் மார்புக்குக் கீழே, சிறு துண்டைச் சுருட்டி வைத்து, கைகள் அதற்கு முன்னே வரும்படி அமைக்கலாம்.

குழந்தை உறங்கி எழுந்தபின் அல்லது துணி மாற்றியபின் இதைச் செய்வது ஏற்றது. பால் குடித்தவுடன் வயிறு அழுந்தினால் குழந்தை பாலைக் கக்கக்கூடும் என்பதால் சிறிது இடைவெளி விட வேண்டும்.

பல குழந்தைகள் தொடக்கத்தில் அழுவதுண்டு. புதிய நிலை கடினமாக இருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அழ விட்டுப் பயிற்சியை நீட்டிப்பதால் பயனில்லை. குறுகிய நேரம் பலமுறை செய்தலே சிறந்தது.

வளர்ச்சிப் படிகள்

குப்புறக் கிடக்கும் குழந்தையிடம் பொதுவாகக் காணப்படும் மாற்றங்கள் பின்வருமாறு. இவை சராசரிகளே, குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்.

* முதல் மாதம்: தலையை நொடிப்பொழுது தூக்கிப் பக்கவாட்டில் திருப்பும்.
* 2 மாதம்: தலையை ஏறத்தாழ 45 பாகை வரை உயர்த்தும்.
* 3 முதல் 4 மாதம்: முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தும், தலை நிலையாக நிற்கும்.
* 5 முதல் 6 மாதம்: கைகளை நீட்டி ஊன்றி எழும்பும், புரளும்.
* 7 முதல் 10 மாதம்: பெரும்பாலான குழந்தைகள் தவழும்.

உலக சுகாதார அமைப்பு கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 816 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006 ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் வயது 5.2 முதல் 13.5 மாதங்கள் வரை பரந்துள்ளது. ஏறத்தாழ 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் அவ்வாறு தவழாமலேயே அடுத்த நிலைக்குச் சென்றன.

ஆய்வுகளின் நிலை

2020 ஆம் ஆண்டு வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மீளாய்வு, இப்பயிற்சிக்கும் உடல் இயக்க வளர்ச்சிக்கும் நேர்த் தொடர்பு இருப்பதைக் கண்டது. புரளுதல், தவழ்தல், தலையின் பின்புறம் முழுதும் தட்டையாகாமல் இருத்தல் ஆகியவற்றுடனும் தொடர்பு காணப்பட்டது. ஆனால் உட்காருதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றுடனோ அறிவுத்திறன் வளர்ச்சியுடனோ தொடர்பு உறுதிப்படவில்லை. எனவே இப்பயிற்சி குழந்தையின் அறிவைப் பெருக்கும் என்பது போன்ற விளம்பரக் கூற்றுகளுக்குச் சான்று இல்லை. இதற்கெனத் தனி விரிப்புகளோ கருவிகளோ வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

ஓசூர் - இராயக்கோட்டை வட்டாரத்தில்

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தமிழ்நாட்டின் முதன்மையான தொழில் நகரங்களுள் ஒன்று. அதன் தென்கிழக்கே உள்ள இராயக்கோட்டை, தக்காளிச் சாகுபடிக்கும் சந்தைக்கும் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்தில் பெண்கள் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் பணிபுரிகின்றனர்.

2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம், முதல் இரு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. இதில் 8 வாரங்கள் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். அவ்வாறு எடுத்த தாய் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகியிருக்கும். குழந்தை மார்பை உயர்த்தி, புரள முயலும் காலம் அதுவே. அதன் பின்னர் பகல் நேரப் பயிற்சி பாட்டியின் கையிலோ குழந்தைகள் காப்பகப் பணியாளரின் கையிலோ உள்ளது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்பதும் அத்திருத்தத்தில் இடம்பெற்றது. வயலில் கூலி வேலை செய்யும் பெண்களுக்கு இத்தகைய ஊதிய விடுப்பு கிடைப்பதில்லை. அவர்களின் குழந்தைகளுக்கு இப்பயிற்சி மிக விரைவிலேயே பிறர் பொறுப்பாகிறது. ஆகவே தாய்க்கு மட்டுமன்றி, பகலில் குழந்தையைக் கவனிப்பவருக்கும் இம்முறையைக் கற்றுத் தருதல் இன்றியமையாதது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் சிமெண்டுத் தரை மிகவும் குளிர்ந்திருக்கும். அக்காலத்தில் பாயின் மேல் கனத்த சமுக்காளத்தைச் சுருக்கமின்றி விரித்தோ, பெரியவரின் மார்பின் மேல் வைத்தோ பயிற்சி அளிக்கலாம்.

பாதுகாப்பு

* குழந்தை விழித்திருக்கும்போது மட்டுமே குப்புறக் கிடத்த வேண்டும். கண் செருகினால் உடனே மல்லாத்திவிட வேண்டும்.
* கண்காணிப்பவர் ஒரு நொடியும் விலகக் கூடாது. வேறு வேலை வந்தால் குழந்தையை மல்லாத்திவிட்டுச் செல்ல வேண்டும்.
* கட்டில், நீளிருக்கை, தலையணை, பஞ்சு மெத்தை ஆகியவற்றின் மேல் செய்யக் கூடாது. முகம் புதைந்தால் மூச்சு தடைப்படும். உயரத்திலிருந்து குழந்தை விழவும் கூடும்.
* குழந்தையைத் துணியால் சுற்றிக் கட்டிய நிலையில் குப்புறக் கிடத்தக் கூடாது.
* மார்பின் மேல் வைத்திருப்பவர் உறங்கிவிடக் கூடாது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

நான்கு மாதம் நிறைந்தும் தலை நிலையாக நிற்காமை, உடல் துணி போல் துவண்டோ மரம் போல் விறைத்தோ இருத்தல், எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்புதல், ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், முன்பு செய்ததை இப்போது செய்யாமை ஆகியவை காணப்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை, பிறந்த நாளிலிருந்து அன்றி, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

இந்தியாவில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய, 17 கூறுகளைக் கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை பயன்படுகிறது. 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக இச்சேவையைக் கட்டணமின்றிப் பெறலாம். தாமதம் எவ்வளவு விரைவில் கண்டறியப்படுகிறதோ, இயன்முறைச் சிகிச்சையின் பயனும் அவ்வளவு கூடுதலாக இருக்கும். நாள்தோறும் குழந்தையைக் குப்புறக் கிடத்திக் கவனிப்பவரின் கண்ணிலேயே இத்தகைய தாமதம் பெரும்பாலும் முதலில் படுகிறது.