'ஃபோக்' என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் நாட்டார் பாடலும்

நாம் கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற நாளிலே, 'ஃபோக் சோங்' என்னும் தொடரைத் தமிழாக்குமாறு ஆசிரியர் ஒருமுறை பணித்தார். 'கல்லாதார் பாட்டு' என எழுதிக் கொடுத்தோம். அவர் அதன்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டு, 'யார் கல்லாதார்?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. இவ்விழா மலரிலே அவ்விடையை ஒருவாறு எழுத முயல்கின்றோம்.

'ஃபோக்' என்பது பழைய ஆங்கிலச் சொல். மக்கட் கூட்டம், குலம், படை என்னும் பொருள்களில் முன்னர் வழங்கியது. எழுத்திலே உள்ள லகர ஒலி இன்று உச்சரிப்பில் இல்லை. இதற்கு இனமான யேர்மன் சொல்லாகிய 'ஃபொல்க்' என்பதில் அவ்வொலி இன்றும் கேட்கும். 'மை ஃபோக்ஸ்' எனப் பன்மையிற் கூறின், பெற்றோரையும் உறவினரையுமே அது குறிக்கும். மாணவர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

இச்சொல்லை இசையோடு இணைத்த பெருமை யேர்மனியருக்கு உரியது. ஹேர்டர் என்னும் அறிஞர் 1773ஆம் ஆண்டில் 'மக்கட் பாடல்' எனப் பொருள்படும் தொடரை ஆண்டார். 1778, 1779ஆம் ஆண்டுகளிற் பல நாட்டுப் பாடல்களைத் தொகுத்தும் வெளியிட்டார். இங்கிலாந்திலே 1846ஆம் ஆண்டில், வில்லியம் யோன் தொம்ஸ் என்பவர் இலண்டன் வார இதழொன்றிற்குப் புனைபெயரில் எழுதிய கடிதத்தில் 'ஃபோக்லோர்' என்னும் சொல்லை ஆக்கி அளித்தார். 1898ஆம் ஆண்டில் இலண்டனில் நாட்டார் பாடற் சங்கமொன்று தோன்றியபோது, பாடலைக் குறிக்கும் தொடரும் வேரூன்றிவிட்டது.

1903ஆம் ஆண்டில் சமர்செற் மாகாணத்துச் சிற்றூரொன்றிலே, மதகுருவின் தோட்டத்திற் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் தமக்குள்ளே பாடுவதைச் செசில் சார்ப் என்னும் இசையாசிரியர் கேட்டார். பாடியவரின் பெயர் யோன் இங்கிலாந்து. சார்ப் உடனே அப்பாட்டை எழுதிக்கொண்டார். அன்று தொடங்கிய பணியிலே அவர் ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார். 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இத்தகைய பாடல் உருவாவதற்கு மூன்று காரணங்களை வகுத்தார். பழமையோடு அறாத தொடர்ச்சி ஒன்று. பாடுவோர்தோறும் நிகழும் மாற்றம் மற்றொன்று. மாறியவற்றுள் எதனை வைத்திருப்பது, எதனைக் கைவிடுவது எனச் சமுதாயம் செய்யும் தெரிவு மூன்றாவது.

அனைத்துலக நாட்டார் இசைக் கழகம் 1947ஆம் ஆண்டில் தோன்றியது. 1954ஆம் ஆண்டில் அது ஏற்ற வரைவிலக்கணமும் இம்மூன்றினையே அடியாகக் கொண்டது. தனியொருவர் இயற்றிய பாட்டாயினும், அதனை மக்கள் வாய்வழி ஏற்று மாற்றி ஆண்டால் அது நாட்டார் பாடலேயாம். மாற்றமின்றி அப்படியே பாடப்படும் பாட்டு, எத்துணைப் பேர் பாடினும், அவ்வகையிற் சேராது. ஆகவே ஆசிரியர் பெயர் தெரியாமை இதற்கு இலக்கணம் அன்று. மக்கள் வாயில் மறுபிறப்பு எய்துதலே இலக்கணம்.

ஆயினும் இச்சொல்லில் ஒரு குறை உண்டு. கற்றோர் இசை மேல், மக்கள் இசை கீழ் என்னும் எண்ணம் அதனுள் மறைந்து கிடந்தது. மேலும் வாய்வழி வருதலே அளவுகோலாயின், ஆசிரியர் பாட மாணவர் கேட்டுப் பயிலும் நம் கருநாடக இசையை எங்கே வைப்பது? அக்கழகமும் 1981ஆம் ஆண்டில் 'ஃபோக்' என்பதை விடுத்து, 'மரபிசை' எனப் பொருள்படும் பெயரை ஏற்றது. 2023ஆம் ஆண்டில் 'இசை, நடன மரபுகள்' எனப் பன்மையில் மீண்டும் பெயர் மாற்றியது. மறுபுறம், அமெரிக்காவிலே கித்தார் இசைத்துத் தாமே இயற்றிப் பாடிய பொப் டிலன் போன்றாரின் பாட்டும் 1960களில் இச்சொல்லாலேயே வழங்கப்பட்டது. எனவே ஆங்கில நூலில் இச்சொல்லைக் காணும்போது, எப்பொருளில் வந்தது எனத் தெளிந்தே மொழிபெயர்த்தல் வேண்டும்.

தமிழிலே 'நாடோடிப் பாடல்' என்பர். பாட்டுத்தான் ஓடித் திரிவது, பாடுவோர் அல்லர். 'நாட்டுப் பாடல்' என்பது தேசிய கீதத்தோடு மயங்கும். 'நாட்டுப்புறப் பாடல்' நகரத்தாரை விலக்கும். நம் நாட்டிற் பெருவழக்கான 'நாட்டார் பாடல்' என்பதே பொருத்தமுடையது என்பது நம் கருத்து. நாட்டில் வாழ்வார் அனைவரும் அதனுள் அடங்குவர். இளங்கோவடிகள் கானல்வரியும் குரவையும் அமைத்ததையும், மணிவாசகர் அம்மானையும் சாழலும் பொன்னூசலும் பாடியதையும் நோக்கின், நம் முன்னோர் மகளிர் விளையாட்டுப் பாட்டையும் இழிவாக எண்ணவில்லை என்பது விளங்கும்.

நம் பாட்டியார் கையொப்பமிட அறியாதவர். ஆயினும் ஒரு தாலாட்டைத் தொடங்கினால் குழந்தை உறங்கிய பின்னும் அது முடியாது. பேரர் ஒவ்வொருவருக்கும் மாமன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றி, புதிய அடிகளும் சேர்த்துப் பாடுவார். சார்ப் கூறிய தொடர்ச்சியும் மாற்றமும் தெரிவும் நம் வீட்டுத் திண்ணையிலேயே நிகழ்ந்தன. அதனை ஆங்கில நூலிற் படித்து உணர்ந்தபோது பாட்டியார் இல்லை. நம் நினைவில் எஞ்சியவை நான்கு அடிகளே. ஆசிரியரின் வினாவுக்கு விடை அன்றே கிடைத்தது: கல்லாதார் நாமே.

மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியோர் இன்னும் பாடுவாராயின், இவ்விடுமுறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவும் செய்யுங்கள். பாட்டின்கீழ் ஊரையும் நாளையும் குறியுங்கள். பாடியவர் பெயரை மறவாது முதலில் எழுதுங்கள்.