புகாரைக் கேட்ட கல்யாணி

1989-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் 'உடான்' என்னும் இந்தித் தொடர் ஒளிபரப்பானபோது நான் சிறுபிள்ளை. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீபில் இருந்த எங்கள் லைன் வீட்டில் இந்தி அறிந்தவர் எவரும் இலர். ஆயினும் காக்கி உடுப்பணிந்த கல்யாணி சிங் என்னும் அதிகாரியைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை.

அத்தொடரை எழுதி, இயக்கி, கல்யாணியாகவும் நடித்தவர் கவிதா சௌத்ரி. சர்ஃப் சோப்புத்தூள் விளம்பரத்தில் கணக்குப் பார்த்துப் பொருள் வாங்கும் லலிதாஜியாக வந்தவரும் அவரே. கல்யாணிக்கு முன்மாதிரி அவருடைய தமக்கை கஞ்சன் சௌத்ரி. 1973-இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த அவர், 2004-இல் உத்தராஞ்சலில், நாட்டின் முதல் பெண் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். சொத்துத் தகராறில் தந்தை தாக்கப்பட்டபோது காவல் நிலையம் காட்டிய அலட்சியமே அவரை இப்பணிக்கு ஈர்த்தது என்பர்.

துப்பறியும் கதை என்றவுடன் நமக்கு மாறுவேடமும் பூதக்கண்ணாடியும் நினைவுக்கு வரும். உண்மையில் துப்பு தொடங்குவது புகாரில். அதை எழுதிக்கொள்ளாத நிலையத்தில் எந்தத் துப்பறிவாளருக்கும் வேலையில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எனத் தகவலிலிருந்து தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. பெயர்ப் பொருத்தம் தற்செயலே!

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயல் பெண்கள் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வழியில் தீங்கு நேர்ந்தால் எந்த நிலையத்திற்குச் செல்வது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மானபங்கம் முதலிய குற்றங்களில், பாதிக்கப்பட்ட பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரியே பதிவு செய்தல் வேண்டும். வாயால் சொன்னதை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டவும் வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தக் கடைசி விதியே பெரிதாகப் படுகிறது. நாம் தமிழில் சொல்வது கன்னடத்தில் எழுதப்படும். 'பிடித்து இழுத்தான்' என்றது 'இடித்தான்' என்று ஏறிவிட்டால் குற்றமே வேறாகிவிடும். ஆகவே எழுதியதன் பொருளைத் தமிழில் சொல்லக் கேட்டபின் கையொப்பமிடுங்கள். நகலுக்குக் கட்டணமில்லை, அதைப் பெறாமல் வீடு திரும்பாதீர்கள்.