சாகோ மரத்தின் இரண்டாம் விளைச்சல்

சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மனிதர் உண்ணத்தக்கவை என 16 பூச்சியினங்களுக்கு ஒப்புதல் அளித்தபோது, அவற்றுள் ஏறத்தாழப் பாதி இனங்கள் புழுப்பருவத்தில், அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த பூச்சி கூட்டுப்புழுவாக மாறுமுன் தின்று கொழுக்கும் பருவத்தில், உண்ணப்படுபவையாக இருந்தன. மாவுப்புழுக்களில் மூன்று வகை, மெழுகு அந்துப்பூச்சிகள் இரண்டின் புழுக்கள், கொரியாவில் பண்ணைகளில் வளர்க்கப்படும் வெண்புழு, காண்டாமிருக வண்டின் புழு ஆகியவற்றோடு பட்டுப்புழுவும் தேனீயும் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள தீவுகளில் பல தலைமுறைகளாக விரும்பி உண்ணப்பட்டுவரும் சாகோ புழு அதில் இல்லை. இப்புழுவுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது. அது உண்டு வளரும் மரத்தின் மாவைக் கொண்டே இந்நகரம் ஒரு காலத்தில் பெருவணிகம் நடத்தியது.

ஜாலான் புசாரிலும் அதையடுத்த சிராங்கூன் சாலையிலும் உள்ள மளிகைக் கடைகளில் இன்று பாயசத்துக்கென விற்கப்படும் ஜவ்வரிசி பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்யப்பட்டது. சேலம் வட்டாரத்தில் இத்தொழில் 1940களில் வேரூன்றியது. தொடக்கத்தில் ஜவ்வரிசி என்பது சாகோ பனையின் தண்டிலுள்ள சோற்றிலிருந்து எடுத்த மாவை உருட்டி வறுத்ததாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுமத்ராவின் கிழக்குக் கரையிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் ஈர மாவாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சாகோ, இங்கிருந்த ஆலைகளில் கழுவப்பட்டு, மணிகளாக உருட்டப்பட்டு, இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. சைனாடவுனில் உள்ள சாகோ லேன், சாகோ ஸ்திரீட் ஆகிய தெருக்கள் அந்த ஆலைகளின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. மாவு மட்டும் கடல் கடந்து வந்தது. அதே தண்டில் விளைந்த புழு, மரத்தை வெட்டியவர்களின் அடுப்படியிலேயே தங்கிவிட்டது.

சாகோ பனை சதுப்பு நிலத்தில் வளர்வது. ஏறத்தாழ பத்துப் பதினைந்து ஆண்டுகள் தன் தண்டில் மாவைச் சேர்த்துவைத்து, ஒரே ஒரு முறை பூத்து மடிவது. பூத்தால் சேமித்த மாவெல்லாம் பூவுக்கும் காய்க்கும் போய்விடும் என்பதால், பூக்கும் தறுவாயில் மரம் வெட்டப்படுகிறது. ஒரு மரம் 150 முதல் 300 கிலோ வரை மாவு தரக்கூடியது. வெட்டுண்ட தண்டிலிருந்து எழும் புளித்த வாடையை நாடிச் சிவப்புக் கூன்வண்டும் அதன் நெருங்கிய இனங்களும் பறந்துவந்து, வெட்டுவாயிலும் பிளவுகளிலும் முட்டையிடுகின்றன. சில நாட்களில் பொரிக்கும் புழுக்கள் தண்டைக் குடைந்து உண்டு, கால்களற்ற, பால்வெண்மையான, கட்டைவிரல் பருமனுள்ள உடலும் பழுப்புநிறக் கெட்டித் தலையுமாகப் பருக்கின்றன.

இதைக் காட்டில் தற்செயலாகக் கிடைக்கும் உணவு என்று கருதுவது பெரும் பிழை. சரவாக்கின் முக்கா வட்டாரத்து மெலனாவ் மக்களும், சபாவின் கடசான் டூசுன் மக்களும், நியூகினித் தீவின் பல குடிகளும் மாவு எடுத்தபின் எஞ்சும் நுனித் துண்டுகளையோ, இதற்கெனவே ஒதுக்கிய தண்டுகளையோ வண்டு நுழைய வாய்ப்பாகக் கீறியும் துளையிட்டும் விட்டுவைத்து, சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து பிளந்து புழுக்களை எடுக்கின்றனர். விதைத்தவர் அறுவடை நாளைக் கணிப்பது போலவே அவர்களும் நாளைக் கணிக்கின்றனர். முந்தினால் புழு சிறுத்திருக்கும், பிந்தினால் நாரால் கூடு கட்டி உள்ளே புகுந்துவிடும். ஆப்பிரிக்காவின் கேமரூனில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கூன்வண்டின் புழுக்களைச் சேகரிப்போர், ராஃபியா பனையின் தண்டில் காதை வைத்து, உள்ளே புழுக்கள் கொறிக்கும் ஓசையைக் கொண்டு அவை பருத்துவிட்டனவா என்று அறிகின்றனர்.

எடுத்த புழுவைக் கழுவி, எண்ணெய் விடாமல் வாணலியில் இட்டால், அதன் கொழுப்பே உருகி அதைப் பொரித்துவிடும். வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்குவது சரவாக் வழக்கம். குச்சியில் கோத்துச் சுடுவதும், நியூகினியில் சாகோ மாவோடு இலையில் பொதிந்து தணலில் வாட்டுவதும் உண்டு. தலையைப் பிடித்துக்கொண்டு உடலை மட்டும் பச்சையாகக் கடித்து உண்போரும் இருக்கின்றனர். நியூகினியின் அஸ்மாட் மக்களின் பெருவிழாக்களில் சாகோ புழு விருந்தின் நடுநாயகமாகவே விளங்கியது.

இவ்வுணவு முறையின் உண்மையான சிறப்பு அதன் ஊட்டச்சத்துக் கணக்கில் உள்ளது. சாகோ மாவு ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. புரதமும் கொழுப்பும் அதில் இல்லை என்றே சொல்லலாம். அந்த மாவை அன்றாட உணவாகக் கொண்டவர்க்கு எது குறைகிறதோ அதைப் புழு தன் உடலில் சேர்த்துவைக்கிறது. அதன் உலர் எடையில் பெரும்பங்கு கொழுப்பும், அடுத்த பங்கு புரதமும் ஆகும். மனிதர் செரிக்க முடியாத நாரும் சக்கையும் கலந்த தண்டை, அவர் செரிக்கக்கூடிய கொழுப்பாகவும் புரதமாகவும் மாற்றித்தரும் வேலையைப் புழு செய்கிறது. ஒரே மரத்திலிருந்து சோற்றையும் குழம்பையும் பெற்ற இம்மக்களின் அறிவைப் பஞ்சகால உணவு என்று ஒதுக்கிய பழைய பயணக் குறிப்புகள் அவர்களுக்கு நீதி செய்யவில்லை.

தோப்பு உடையவனுக்கோ இப்புழு எதிரி. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் பணியாற்றிய ஹென்றி ரிட்லி, அடுத்த ஆண்டிலேயே தென்னையை வண்டுகள் அழிப்பதைப் பற்றி அறிக்கை எழுதினார். காண்டாமிருக வண்டு குருத்தில் இடும் காயத்தின் வழியே கூன்வண்டு உட்புகுந்து, வெளியே அறிகுறி தெரியுமுன் தண்டைக் குடைந்துவிடும். தமிழகத் தென்னந்தோப்புகளில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பிடிக்கப்படுவதும் இதே கூன்வண்டுதான். வெட்டி வீழ்த்திய சாகோ தண்டில் விளைச்சலாகப் போற்றப்படுவது, நிற்கும் தென்னையில் நோயாக அஞ்சப்படுகிறது. உயிருள்ள புழு எல்லை கடந்து செல்வதைப் பல நாடுகள் தடுப்பதற்கு இந்த அச்சம் போதுமான, நியாயமான காரணம்.

பூச்சியுணவு தமிழருக்கு அயலானதும் அன்று. மழை பெய்து ஓய்ந்தபின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் புளித்த மோரோடும் தயிரோடும் சமைத்த உணவு, புறநானூற்றில் கபிலர் பாடிய 119ஆம் பாடலிலும் அகநானூற்றின் 394ஆம் பாடலிலும் இனிய உணவாகவே வருகிறது. அருவருப்பின் சாயல் அங்கு சிறிதும் இல்லை. தமிழகச் சிற்றூர்களில் ஈசலை வறுத்து, முறத்தில் புடைத்துச் சிறகு நீக்கி, வறுத்த அரிசியோடு கலந்து தின்பது அண்மைக் காலம் வரை மழைக்காலத்துத் தின்பண்டமாக இருந்தது. மலைத்தேன் எடுக்கும் பழங்குடியினர், அடையில் தேனுள்ள பகுதியைப் போலவே இளம்புழுக்கள் உள்ள பகுதியையும் உணவாக்கிக்கொண்டனர். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புத் துவையல் 2024 சனவரியில் புவிசார் குறியீடு பெற்றதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் விதிகள் மரபைக் கணக்கில் எடுப்பதைவிட வளர்ப்பு முறையையே கணக்கில் எடுக்கின்றன. காட்டில் பிடித்த பூச்சிக்கு இடமில்லை. கட்டுப்பாடுள்ள பண்ணையில், மாசற்ற தீவனத்தில் வளர்ந்ததற்குச் சான்று வேண்டும். பூச்சி கலந்த உணவுப் பொட்டலத்தின் மேல் அது தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். பட்டியலுக்கு வெளியே உள்ள இனம் எதுவும் புதுவகை உணவு என்ற மதிப்பீட்டைக் கடந்தே வர வேண்டும். இறாலும் நண்டும் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமற்போகலாம், ஏனெனில் ஒவ்வாமையைத் தூண்டும் தசைப்புரதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்கள் மிகுந்த சிராங்கூன் சாலை, ஜாலான் புசார் வட்டாரத்தில் பொட்டலக் குறிப்பின் பயன் இதைவிடவும் பெரிது. இவ்விதிகள் கண்டிப்பானவை; ஆயினும் அவை சாகோ புழுவுக்கு வாயிலை நிரந்தரமாக அடைத்துவிடவில்லை. தாய்லாந்தின் தென்மாவட்டங்களில் உழவர்கள், அரைத்த சாகோ தண்டோடு தீவனம் கலந்து பிளாஸ்டிக் தொட்டிகளில் நிரப்பி, இணை வண்டுகளை விட்டு மூடி, ஒரு மாதம் கடந்ததும் புழுக்களை அள்ளிச் சந்தைக்கு அனுப்புகின்றனர். வண்டு வெளியே பறந்து தோப்பைச் சேராமல் தொட்டியின் மூடியைக் காப்பது அவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று.